கை தூக்கிய கந்தோர்

ஓர் உத்தியோகத்தரை இடம் மாற்றுவதற்கு முன்னர், அவர் பணியாற்றும் அலுவலகத்தின் பொறுப்பாளர் தமது அபிப்பிராயத்தைத் தெரிவிக்க இடமளிக்கப்பட வேண்டும். அவ்வாறு தெரிவிக்கப்பட்ட அபிப்பிராயத்துக்கு, இடமாற்றம் நடைமுறைக்கு வருமுன் எழுத்தில் பதில் வழங்கப்பட வேண்டும்.

எங்கள் திணைக்களத்தில் இப்படி ஒரு விதி இருந்தது. இன்றைக்கும் இருக்கும். விதிகளை யாரும் நீக்குவதில்லை. நீக்குவதற்கும் ஒரு கூட்டம் போட வேண்டும். நடைமுறை தெரிந்த ஆள் என்று எனக்கு அலுவலக வட்டாரத்தில் ஒரு பெயர் இருந்தது. ஒருவரைப் பற்றிச் சொல்வதற்கு வேறு நல்ல வார்த்தை கிடைக்காதபோது அப்படிச் சொல்வார்கள்.

அந்த விதியை நம்பி நான் ஒரே ஒரு விடயம் கேட்டு எழுதினேன். நான்கு பேரை இன்னும் ஒரு பெரும்போகத்துக்கு, மாரிகால நெல் அறுவடையாகும்வரை, ஒரே மேசையைச் சுற்றி இருக்க விடுங்கள் என்பதுதான் அது. அந்த நால்வரில் நானும் ஒருவன்.

கல்முனையில் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது எங்கள் அலுவலகம், ஊர்ப் பேச்சில் கந்தோர். வயல்காரர்களின் விடயங்களைப் பார்க்கும் சின்ன அலுவலகம். நான் பொறுப்பாளன். கோவைகளைப் பார்த்துக்கொண்டவர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு லிகிதர். எல்லாருக்கும் அவர் அக்கா. சாரதி அக்கரைப்பற்றுக்காரர், எல்லாருக்கும் அவர் காக்கா; முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் அழைப்போம். நான்காவது ஆள் வரிப்பத்தான்சேனையிலிருந்து வந்த வெளிக்கள உத்தியோகத்தரான இளம்பெண். வேலைக்கு வந்து நெடுநாளாகியும் அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் தலையசைப்பாள். அலுவலகங்களில் அதை ஒழுக்கம் என்று குறித்துக்கொள்வோம்.

எங்கள் வேலையின் தலையாய பகுதி போகத்துக்குப் போகம் வரும் ஆரம்பக் கூட்டம். தண்ணீரை எப்போது திறப்பது, விதைப்பை எப்போது முடிப்பது, மாடுகளை எப்போது வயல்வெளியான வட்டையை விட்டு அப்புறப்படுத்துவது என்று எல்லாவற்றையும் வயல்காரர்களே கூடிக் கை தூக்கித் தீர்மானிப்பார்கள். அவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. வாய்க்கால் முடிகிற இடத்தில் வயல் வைத்திருப்பவர்தான் முதலில் கதைப்பார். தண்ணீர் அவருக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும்; அதனால் வார்த்தையாவது முதலில் அவருக்கு. மதகுக்குப் பக்கத்தில் வயல் உள்ள பெரிய நிலக்காரரான போடியார் கடைசி வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது அவர் முகம் பார்க்கத் தக்கதாக இருக்கும்.

இந்தக் கூட்டங்களை ஒழுங்கு செய்வதுதான் எங்கள் தொழில். எங்கள் அலுவலகத்துக்குள் ஒரு நாளும் ஒருவரும் கை தூக்கியதில்லை. மாதம் ஒரு முறை ஊழியர் கூட்டம் நடத்த வேண்டும் என்று விதி. மாதம் ஒரு முறை கூட்ட அறிக்கை அனுப்பப்பட்டது. கூட்டம் நடந்ததா என்று கேட்காதீர்கள். தலைமை அலுவலகமும் கேட்டதில்லை.

கோடையில் வரும் ஒரு சிறுபோகத்தின் ஆரம்பக் கூட்டத்துக்குத் தலைமை அலுவலகம் திகதி குறித்து அனுப்பியது. வரிப்பத்தான்சேனைப் பக்கத்தில் ஒரு மண்டபம். அறிவித்தல்கள் போயின, ஒலிபெருக்கி பூட்டப்பட்டது, நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டன. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து மேடையில் அமர்ந்தார். கீழே ஒலிபெருக்கிக்காரரும், நிழலுக்கு ஒதுங்கிய ஓர் ஆடும். வேறு யாருமில்லை. அதிகாரி இளநீர் குடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இந்த மக்களுக்கு அக்கறை இல்லை" என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

நாங்களும் எங்கள் வாகனத்தில் ஏறிப் புறப்பட்டோம். பிறகு சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"சேர், ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்க."

"இண்டைக்குப் பக்கத்து ஊருல சனமெல்லாம் சேருற கந்தூரி விருந்து எண்டு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். திகதி போட்ட அவங்கதானே."

"அக்கா, ஒங்களுக்கு?"

"நல்ல கேள்வி. வருசா வருசம் கந்தூரிச் சோறு எங்கட வீட்டுக்கு வாறதுதானே."

"தங்கச்சி?"

பின்னிருக்கையிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "கந்தூரிக்கு விறகு குடுத்ததே எங்கட வாப்பாதான்."

"யா அல்லாஹ்!" என்றார் சாரதி. "அப்ப ஏன் ஒருத்தரும் செல்லல்ல?"

"எங்களட்ட ஆர் கேட்ட?" என்றார் அக்கா. "நீங்க ஏன் சொல்லல்ல காக்கா?"

"நான் சாரதி. ஓடு எண்டா ஓடுவன், நில் எண்டா நிப்பன். கந்தூரி என்ட விடயமில்ல." அவர் கியரை மாற்றினார். "நாலு பேருக்கும் தெரியும். நாலு பேரும் வாய மூடிட்டு இவ்வளவு தூரம் வந்து, ஒரு ஆட்டுக்குக் கூட்டம் வெச்சிட்டுப் போறம். இது ஒரு கந்தோரா, சேர்?"

முதலில் சிரித்தவள் அந்தப் பெண்தான். சிரிப்பை அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அக்கா. பிறகு நான். சம்மாந்துறைச் சந்தி வரும்வரை நாங்கள் சிரித்துக்கொண்டே வந்தோம்.

அந்த வாரம் வியாழக்கிழமை, பகல் லுஹர் தொழுகை முடிந்து வந்ததும், சாரதி வாகனத் திறப்பை என் மேசையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சாரதி என் அறையில் உட்கார்ந்ததை அன்றுதான் பார்க்கிறேன்.

"வட்டக்காரனக் கை தூக்கச் செல்ற நாம, நம்மட கந்தோருக்குள்ள ஒரு நாளாவது தூக்கிப் பாப்பமே, சேர்."

"இதுக்கு ஏற்பாடு இல்ல காக்கா."

"ஆட்டுக்குக் கூட்டம் வெக்க ஏற்பாடு இரிந்ததா?"

நான் மற்ற இருவரையும் கூப்பிட்டேன். அக்காவும் அந்தப் பெண்ணும் வந்து உட்கார்ந்தார்கள். யார் முதலில் கதைப்பது என்ற கேள்வி வந்தது. வட்டை வழக்கப்படி வாய்க்காலின் கடைசி ஆள்தான் முதலில் என்றார் அக்கா. எங்கள் அலுவலகத்தில் அது யார்?

"நான்தான்" என்றார் சாரதி. "எல்லாரும் முடிவெடுத்து, எல்லாரும் மறந்து, மறுகா கடைசியா எனக்குச் செல்ற, வண்டிய எடுங்க எண்டு."

அப்படியே முடிவாயிற்று. முதலில் சாரதி, அடுத்து அந்தப் பெண், பிறகு அக்கா, எல்லாருக்கும் கடைசியாக நான். என் முறை வருமுன் மூன்று பேர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது என்ன விதமான தண்டனை என்பதை நான் எழுதத் தேவையில்லை. சொல்ல வைத்திருந்த அழகான வாக்கியங்களில் பாதியை அவர்கள் வேறு சொற்களில் சொல்லிவிடுவார்கள். மீதிப் பாதி தேவையற்றது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது வியாழனிலோ மூன்றாவது வியாழனிலோ நான் ஒரு முன்மொழிவு வைத்தேன். வயல்காரர்கள் கண்ட நேரத்தில் வந்து நிற்காமல், குறித்த ஒரு நாளில், எல்லாப் பத்திரங்களோடும் ஒழுங்காக வர வேண்டும். நல்ல முன்மொழிவு. மேலே அனுப்பினால் பாராட்டு வந்திருக்கும்.

"எனக்கு அது சரியாப் படல்ல, சேர்" என்றாள் அந்தப் பெண்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏன் மகள்?" என்று கேட்டேன்.

"எங்கட ஊரால ஒரு ஆள் பஸ்ஸுல வந்து போனா அண்டையக் கூலி போயிரும். வந்து ஒரு தாள் இல்லாட்டி மறுகாவும் வரோணும். நாம அங்க போனா என்ன?"

"கந்தோர மூடிட்டா?"

"மூடாம. ரெண்டு பேர் இங்க, ரெண்டு பேர் அங்க. மாறி மாறி." அவள் முகம் சிவந்திருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "பள்ளிவாசலுக்குப் பக்கத்துல விவசாயிகள் சங்கத்துக் கட்டடம் சும்மாதான் இரிக்கி. நான் கேட்டிட்டன்."

கை தூக்கச் சொன்னேன். என் முன்மொழிவுக்கு என் கை மட்டும். அவளுடையதற்கு அவளும் அக்காவும் தூக்க, சாரதி இரண்டு கைகளையும் தூக்கினார்.

"காக்கா, ரெண்டு கை தூக்கினா ரெண்டு வாக்கு இல்ல."

"ஒண்டு எனக்கு. மத்தது வண்டிக்கு. அதுதானே அவ்வளவு தூரம் ஓடப் போற?"

நான் தோற்றேன். பொறுப்பாளர் தன் அறையிலேயே தோற்றால் என்ன செய்ய வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அன்று மாலை கல்முனைக்குடிக்கு நடந்து போனேன். கடற்கரைப் பக்கத்துக் காற்று. மீன் வண்டிக்காரரின் கூவல். சைக்கிளில் ஐஸ்கிரீம் விற்பவரின் மணி. வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் கவனித்தேன், நான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததை வினைத்திறன் என்று எழுதலாம். எழுதியும் இருக்கிறேன். ஆனால் அது என்னவென்று எனக்குத் தெரிந்தது மாரி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். முதல் நாள் இரவெல்லாம் மழை. வயல்கள் அள்ளுண்டு போயிருக்கும், சேத விபரம் உடனே திரட்ட வேண்டும். முந்திய வருடங்களில் இதற்கு நான் விடுமுறை நாள் கடமைக்கான அழைப்பு எழுதி, அதற்கு அனுமதி கேட்டு, அனுமதி வரும்போது தண்ணீர் வற்றியிருக்கும். அன்று குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக அலுவலகத்துக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அக்கா சேலையை முழங்கால் வரை நனைத்துக்கொண்டு கோவைகளை அலுமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கைபேசியில், தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டை விதானைமாரை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருந்தாள். சாரதி வாகனத்தை இயக்கி வைத்துக்கொண்டு, "சேர் சுணங்கிட்டீங்க" என்றார்.

"ஒங்கள ஆரு வரச் சொன்ன?"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மழை பேஞ்சா வாறது எண்டு நாமதானே கை தூக்கின, சேர்."

எனக்கு அது ஞாபகம் இருந்தது. ஒரு வியாழக்கிழமை, பால்தேநீரா வெறுந்தேநீரா என்ற பெரிய விவாதத்துக்கு நடுவில் எடுத்த சின்ன முடிவு. ஆனால் கை தூக்கிய முடிவு. கையொப்பமிட்ட கட்டளைகளுக்கு வராத மனிதர்கள், தாங்கள் தூக்கிய கைக்கு மழையில் வந்திருந்தார்கள். ஊழியரை ஈடுபடுத்துவது பற்றி எனக்குப் பல பயிற்சிகள் தரப்பட்டிருக்கின்றன. குளிரூட்டிய மண்டபம், பகல் உணவு, கோப்புறை, பேனை எல்லாம் கிடைக்கும். கேட்கப்பட்டவர்கள் வருவார்கள் என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் அங்கே ஒருவரும் சொன்னதில்லை.

இடமாற்றப் பட்டியல் அடுத்த வருடக் கடைசியில் வந்தது. வழமையான வருடாந்தப் பட்டியல். குற்றமுமில்லை, தண்டனையுமில்லை. அக்கா திருக்கோவிலுக்கு. சாரதி அம்பாறை நகருக்கு. அந்தப் பெண் பொத்துவிலுக்கு. நான் மட்டும் இருந்த இடத்திலேயே. ஓய்வுக்குக் காத்திருப்பவரை நகர்த்துவது வீண் செலவு.

அந்த வியாழன் வழக்கம்போல் சாரதி தொடங்கினார்.

"நாலு பேரும் ஒரு கடிதத்துல ஒப்பம் வெப்பம்."

"அது கூட்டு மனுவாப் போயிரும். எடுக்க மாட்டாங்க" என்றேன்.

"ஆளுக்கொண்டா எழுதினா?"

"தனிப்பட்ட காரணம் எண்டு வெச்சிருவாங்க."

"அப்ப மனிசன் எப்பிடித்தான் எழுதுற?"

"எழுதாம இருக்கிறதுதான் நடைமுறை, காக்கா" என்றார் அக்கா.

அப்போதுதான் நான் விதியைச் சொன்னேன். பொறுப்பாளர் அபிப்பிராயம் தெரிவிக்கலாம்; பதில் தந்துதான் ஆக வேண்டும். மூவரும் என்னைப் பார்த்த பார்வையில் முதன்முறையாக என் அறிவுக்கு ஒரு பயன் இருந்தது.

"அப்ப எழுதுங்க, சேர்" என்றாள் அந்தப் பெண். "ஒரு பெரும்போகம் போதும். வட்டயெல்லாம் இப்பதான் எங்களப் பாத்துக் கதைக்கத் தொடங்கியிரிக்கி."

கை தூக்கினோம். நான்கு கைகள், சாரதி அன்று ஒரு கைதான் தூக்கினார்.

எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல். இந்த நான்கு பேரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்கிறார்கள், அதனால் வேலை நடக்கிறது என்று எழுத முடியாது. நான் தோற்றுப்போகும் மேசை எனக்கு வேண்டும் என்றும் எழுத முடியாது. சேவை வழங்கல், கூட்டுப் பொறுப்பு, தொடர்ச்சி என்றெல்லாம் எழுதி இரண்டு பக்கம் நிரப்பினேன். மற்ற அலுவலகங்களும் இதைச் செய்து பார்க்கலாம் என்றும் சேர்த்தேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதில் வரவில்லை. இடமாற்றம் நடைமுறைக்கு வரும் நாள் வந்தது. கடைசி வியாழனன்று அக்கா வீட்டிலிருந்து பால்சோறு கொண்டுவந்தார். சாரதி பேரீச்சம்பழம் வாங்கி வந்தார். தீர்மானிக்க எதுவுமில்லை, இருந்தும் முறைப்படியே கதைத்தோம்.

"அம்பாறயில சிங்களத்துல கை தூக்கோணுமா, சேர்?" என்று கேட்டார் சாரதி.

"ஒங்கட கைக்கு எல்லா மொழியும் தெரியும் காக்கா" என்றார் அக்கா. பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அந்தப் பெண் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"பதில் வந்தா செல்லுவீங்கதானே, சேர்?"

"முதல் வேலையா."

புதிய மூவர் வந்தார்கள். நல்லவர்கள், நேரத்துக்கு வருபவர்கள். முதல் வியாழன் அவர்களை என் அறைக்கு அழைத்தேன்.

"இதுக்குச் சுற்றறிக்கை இரிக்கா, சேர்?" என்று கேட்டார் புதிய லிகிதர். நியாயமான கேள்வி. அவர் வயதில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

வந்து உட்கார்ந்தார்கள். யார் முதலில் என்றேன். "சேர் செல்லுங்க" என்றார்கள். சொன்னேன். மூன்று கைகளும் உடனே உயர்ந்தன. அடுத்ததையும் சொன்னேன், மறுபடியும் மூன்று கைகள். நான் வேண்டுமென்றே ஒரு மடத்தனமான யோசனையைச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் தூக்கினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. காலம் இருந்திருந்தால் அவர்களும் ஒரு நாள் என்னைத் தோற்கடித்திருப்பார்கள். ஆனால் அந்த நாற்காலியில் தனியாக இருந்த காலத்தில்கூட அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை. நாலைந்து வாரத்தில் அந்தக் கூட்டத்தை நிறுத்திவிட்டேன். மாதாந்தக் கூட்ட அறிக்கை மட்டும் தவறாமல் போனது.

தலைமை அலுவலகத்துக்கு ஞாபகமூட்டல் எழுதினேன். பிறகு இரண்டாவது ஞாபகமூட்டல். பிறகு ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள். என் நடைமுறை அறிவைப் புகழ்ந்து ஒருவர் நீண்ட நேரம் கதைத்தார்.

வீட்டில் இருப்பது கடினமான வேலையல்ல. காலையில் பள்ளிவாசல், பிறகு சந்தை, பிறகு பத்திரிகை. வாரத்தில் ஆறு நாள் நான் நல்ல ஓய்வூதியர். ஏழாவது நாளான வியாழன் பகல் தொழுகை முடிந்து வந்ததும் கால்கள் எங்கே போவது என்று தெரியாமல் முற்றத்தில் நிற்கும். ஒரு தடவை மனைவியிடம், இன்றைக்கு மீனா இறைச்சியா, கை தூக்கித் தீர்மானிப்போமா என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்குள்ள என்னத்தக் கை தூக்குற?" என்றாள் அவள். "ஆணம் ஆக்குற நான். கை என்டது. பேசாம இரிங்க."

வாய்க்காலின் கடைசி ஆள் அவள்தான் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன். சொல்லியிருந்தால் யாருக்குப் புரிந்திருக்கும்? அதைக் கேட்டதும் சிரிக்கக்கூடிய மூன்று பேர் மூன்று ஊர்களில் இருந்தார்கள். கைபேசியில் பெருநாள் வாழ்த்தும் தீபாவளி வாழ்த்தும் அனுப்பிக்கொள்வோம். பூப்படங்களோடு வரும் வாழ்த்துகள். ஒரு கேலிகூட இருக்காது. தூரமாகப் போனவர்கள் மரியாதையாகிவிடுகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு ஒரு நாள் முற்பகல் தபால்காரர் நீள உறையொன்றைக் கொண்டுவந்தார். என் பழைய அலுவலகத்துக்குப் போய், அங்கே சில காலம் இருந்து, ஊடாக, ஊடாக என்று மூன்று முத்திரைகளோடு வீடு தேடி வந்திருந்தது. என் அபிப்பிராயம் கவனத்திற் கொள்ளப்பட்டதாம். அது வரவேற்கத்தக்கதாம். குறித்த நான்கு உத்தியோகத்தர்களும் தற்போதைய அலுவலகத்திலேயே எதிர்வரும் பெரும்போகம் முடியும்வரை ஒன்றாகப் பணியாற்றுவதில் திணைக்களத்துக்கு ஆட்சேபனை இல்லையாம்.

"என்ன கடிதம்?" என்று குசினியிலிருந்து மனைவி கேட்டாள்.

"எங்க நாலு பேரையும் ஒண்டா இரிக்கட்டாம்."

"எங்க?"

கைபேசியை எடுத்துப் பொத்துவிலுக்கு அழைத்தேன். அந்தப் பெண் ஏதோ கூட்டத்தில் இருந்தாள் போலும். வெளியே வந்து கதைத்தாள். வாசித்துக் காட்டினேன்.

"ஆட்சேபன இல்ல எண்டே எழுதியிரிக்காங்களா, சேர்?"

"ஓம் மகள்."

"இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தேன். "காக்காவுக்கும் அக்காவுக்கும் நானே செல்றன், சேர்" என்றாள். "நீங்க செல்ல வேணாம். ஒங்கட குரல் சரியில்ல."

வந்த கடிதம் எதுவானாலும் பெற்றுக்கொண்ட திகதியை அதன் மேல் மூலையில் குறித்து ஒப்பமிட வேண்டும். பேனையை எடுத்துக் குறித்தேன். நான் ஓய்வு பெற்ற மறு வருடம், ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை முடிந்து கந்தோர்கள் திறந்த முதல் திங்கட்கிழமை.